நாஸ்டால்ஜியா: தமிழ்ல ஏக்கம்னே சொல்லலாம்

பழைய பாட்டு, ஸ்கூல் போட்டோ, எதைப் பாத்தாலும் இப்ப "செம நாஸ்டால்ஜியா"ன்னு சொல்லிடறோம். ஆனா இந்தச் சொல் பொறந்தது ஒரு வியாதிக்குப் பேரா. 1688ல சுவிட்சர்லாந்துல பாசல் நகரத்துல யோஹானஸ் ஹோஃபர்ங்கிற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காக உருவாக்குனது, கிரேக்கத்துல நோஸ்டோஸ்னா வீடு திரும்புறது, அல்கோஸ்னா வலி, ரெண்டையும் சேத்துட்டாரு. ஊர் நெனப்புலயே ஒருத்தர் உருகி மெலிஞ்சு போறதத்தான் நோய்னு எழுதுனாரு.

இதுல நாட்டுப்புறப் பாட்டும் வருது. ஆல்ப்ஸ் மலையில பால் கறக்கறதுக்கு மாட்டைக் கூப்பிட்டு மேய்ப்பருங்க பாடுற மெட்டு ஒண்ணு உண்டு. வேத்து நாட்டுக்குக் கூலிப்படையா போன சுவிஸ் சிப்பாய்ங்க அதைக் கேட்டா அழுதாங்க, படையை விட்டு ஓடுனாங்க, செத்தே போனாங்க, அதனால படைக்குள்ள அதை வாசிச்சா மரண தண்டனைன்னு தடை இருந்துச்சுன்னு தத்துவ அறிஞர் ரூசோ தன் இசை அகராதியில எழுதிருக்காரு. நோய்ங்கிற அர்த்தமெல்லாம் பின்னாடி தேஞ்சு, போன காலத்தை நெனச்சு உருகுறதுன்னு ஆயிடுச்சு.

தமிழ்ல இதுக்குக் கழிவிரக்கம்னு சிலர் போடறாங்க, அது கழிஞ்சு போனதுக்கு வருந்துறது, செஞ்ச தப்பை நெனச்சு நோகுறதுக்குத்தான் பொருந்தும். மலரும் நினைவுகள்ல இனிப்பு இருக்கு, வலி இல்ல. ஏக்கம்தான் சரி. ஏங்கி ஏங்கி அழறான்னு சொல்றப்ப மூச்சு திணர்றதே அந்தச் சொல்லுக்குள்ள இருக்கு, அம்மாவைப் பிரிஞ்ச குழந்தைக்கு உடம்பு சுட்டா "ஏக்கத்துல வந்த காய்ச்சல்"னு ஊர்ப்பக்கம் இன்னமும் சொல்றாங்களே, ஹோஃபர் சொன்னதும் அதேதானே!

தேயிலைத் தோட்ட வேலைக்கு இலங்கை போன நம்ம சனங்க பாடுன மலையகப் பாட்டுல ஒரு பொண்ணு ஊரை இழந்தேன், ஒத்தப் பனைத் தோப்பை இழந்தேன், கண்டிக்கு வந்து பெத்த தாயையே மறந்தேன்னு அழுவா. அந்தப் பனைத் தோப்பைத் தாய்க்குப் பக்கத்துல வெச்சாளே, அங்கதான் எனக்கு நெஞ்சு அடைக்கும். காதலைத் தொலைச்ச தெம்மாங்கும் இப்படித்தான், போன மச்சானை நெனச்சா அவன் நின்ன கெணத்து மேடு, நடந்த வரப்பு எல்லாம் கூடவே வரும், ஆளு வேற ஊரு வேறன்னு பிரிக்கவே முடியாது. ஆளுக்கும் ஊருக்கும் காலத்துக்கும் ஏக்கம்ங்கிற ஒரே சொல் போதும், கட்டுரையில கொஞ்சம் துல்லியமா வேணும்னா நினைவேக்கம்னு எழுதுங்க.