வெல்லம் நெஞ்சைக் கழுவாது: கல் பட்டறைத் தம்பிகளுக்கு

மாமல்லபுரத்துக் கல் பட்டறைகளில் யாராவது இருமினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உளிச் சத்தத்தோடு அதுவும் பழகிவிட்டது. எனக்குத் தெரிந்த பட்டறையில் வேலை செய்யும் ஒரு தம்பி இப்போது இரண்டாவது முறையாகக் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். முப்பது வயதுகூட ஆகவில்லை. யானையின் மத்தகத்தை அவனைப்போல் உருட்டி எடுக்கும் கை இங்கே அதிகம் இல்லை. "என்ன வேலை?" என்று மருத்துவர் கேட்டதற்குக் "கூலி வேலை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். நாள் முழுக்கக் கருங்கல்லில் கிரைண்டர் பிடிக்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால், கல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் இருக்கிறதா என்றும் பார்த்திருக்கலாம். நாமோ, வெல்லம் சாப்பிட்டால் அந்தத் தூசி இறங்கிவிடும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இப்படி இன்னொருவனைப் பற்றிக் கேள்விப்பட எனக்குத் தெம்பு இல்லை.

எங்கள் சிற்பத் தொழிலுக்கு இயற்கைதான் முதல் ஆசான். மூக்குக்கு எள்ளுப்பூ, உதட்டுக்குக் கோவைப்பழம், கழுத்துக்குச் சங்கு, முழங்காலுக்கு நண்டின் ஓடு, ஆணின் உடற்பகுதிக்குப் பசுவின் முகம். கவிஞர்களுக்கு இவை உவமை, எங்களுக்கு வடிவம். அர்ச்சுனன் தபசுப் பாறையில் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் அதைச் செதுக்கியவன் எவ்வளவு நேரம் மானையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்! பழகவரும் பிள்ளைகளை இன்றும் அந்த மானிடம்தான் முதலில் அனுப்புகிறேன். கல்லையும் அப்படித்தான் அறிகிறோம். தட்டி ஒலி கேட்டு ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஒலியிலேயே பிடிக்கிறோம். கல்லுக்கு இத்தனை சோதனை பார்க்கிற நாம், அதைச் செதுக்குகிறவனின் நெஞ்சுக்கு ஓர் எக்ஸ்ரே எடுப்பதில்லை.

கிரானைட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குவார்ட்ஸ் என்னும் சிலிக்காக் கனிமம். மணற்கல்லில் இன்னும் அதிகம். சிலைக்கு எடுக்கும் சில கறுப்புக் கற்களில் குறைவுதான். ஆனால் ஒரே பட்டறையில் எல்லாக் கல்லும் அறுபடுகிறது, எல்லாத் தூசியும் ஒரே காற்றில் கலக்கிறது. இந்தக் குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாவதுதான் சிலிக்கோசிஸ்.

இனி அந்த வெல்லத்துக்கு வருகிறேன். "சாயங்காலம் ஒரு துண்டு வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும்" என்று இன்னும் எத்தனை பட்டறையில் சொல்லிக்கொடுப்பீர்கள்? வெல்லம் இறங்குவது உணவுக்குழாயில், வயிற்றுக்கு. தூசி போவது மூச்சுக்குழாயில், நுரையீரலுக்கு. இரண்டும் சந்திப்பதே இல்லை. தொண்டையில் ஒட்டிய பருந்தூளை வெல்லம் வேண்டுமானால் இறக்கும். அந்தப் பருந்தூள் காறித் துப்பினாலே வந்துவிடும். கொல்லுகிற தூசி தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதது. தொண்டையில் தங்காது, கண்ணுக்குத் தெரியாது, உள்ளே போனால் திரும்பாது. பால் குடித்தாலும் அப்படித்தான், சாராயம் குடித்தாலும் அப்படித்தான். சாப்பிடுகிற எந்தப் பொருளும் அங்கே போய்ச் சேராது. ஆசைக்கு வெல்லம் சாப்பிடுங்கள், மருந்தென்று நம்பாதீர்கள்.

"தாத்தா காலத்தில் முகமூடியா போட்டார்கள்?" என்பது அடுத்த கேள்வி. தாத்தா கையில் இருந்தது உளியும் சுத்தியலும். உளி பட்டால் சில்லு தெறிக்கும், பெரும்பாலும் காலடியில் விழும். கிரைண்டர் அதே கல்லைப் புகையாக்கி முகத்தில் அடிக்கிறது. தாத்தாக்களிலும் மூச்சிரைத்துப் போனவர்கள் உண்டு. இளைப்பு என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

இந்தத் தழும்பை ஆற்ற மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் அது வளரக்கூடும். சிலிக்கா தூசி காசநோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே வகைப்படுத்திவிட்டது.

கல்லை நனைத்து அறுங்கள். பிளேடு கல்லில் படும் இடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்காகச் சாதாரண மின் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றி உயிரை விடாதீர்கள். காற்றழுத்தத்தில் ஓடும் கருவியோ நீர் இணைப்புள்ள கட்டரோ வாங்குங்கள். மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். பட்டறைக்காரர்களே, பிளேடுக்குச் செலவழிக்கிறீர்கள், இதற்கும் செலவழியுங்கள். தோளில் கிடக்கும் துண்டு முகக்கவசம் ஆகாது. கொரோனா காலத்து மெல்லிய நீல முகக்கவசமும் ஆகாது. என்-95 அல்லது அதைவிட மேலானது வேண்டும், முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது, மழித்துவிடுங்கள். காற்றைப் பாருங்கள். கோடையில் காலையில் மேற்கே இருந்து வரும் காற்று, கடற்காற்று இறங்கியதும் கிழக்கே இருந்து திரும்பும். தூசியைப் பக்கவாட்டில் அது கொண்டுபோகும்படி இடம் மாறி உட்காருங்கள். அது போகும் திசையில் பாலிஷ் போடுகிறவர்களை உட்கார வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றால் உடம்பில் தூசி ஊதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

தொழிலாளர் சட்டத்தின்படி சிலிக்கோசிஸ் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். நம் பட்டறைகளில் பல அந்தச் சட்டத்துக்குள் வராத அளவு சிறியவை. எனவே நம் நோயாளிகள் கணக்கில் வருவதே இல்லை. கல் தொழிலாளர்கள் நிறைந்த ராஜஸ்தானில் 2019-இல் இந்நோய்க்கென்றே ஒரு கொள்கை வகுத்தார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டுமானால், முதலில் நோய் சரியான பெயரில் பதிவாக வேண்டும்.

அதனால் தம்பி, இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்குப் போ. கேட்காவிட்டாலும் நீயே சொல்: கல் சிற்பி, இத்தனை வருடமாகக் கிரைண்டர் பிடிக்கிறேன், சிலிக்கோசிஸ் இருக்கிறதா என்று பாருங்கள். உன் வேலையைச் சீட்டில் எழுதச் சொல்லி வாங்கி, எக்ஸ்ரேயோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்.