வன்னீர்: மீன்தொட்டிக்காரருக்கு ஒரு சொல் விளக்கம்

யாழ்ப்பாணத்தில் மீன் விற்கும் கடைகளில் ‘ஹாட் வோட்டர்’ என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, புதிதாக மீன் வளர்க்க வந்தவர் சுடுதண்ணியாக்கும் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் சொல்வது ‘hard water’, அதாவது வன்னீரை. கல்சியம், மக்னீசியம் உப்புகள் கூடுதலாகக் கரைந்திருக்கும் நீர் அது. சவர்க்காரம் போட்டால் நுரைப்பதற்குப் பதிலாக வெள்ளை வெள்ளையாகத் திரளும். கேத்தலில் நாலு நாள் கொதிக்க வைத்தால் அடியில் பொருக்கு விடும். நகத்தால் சுரண்டினால் தகடாகப் பெயரும். அந்தத் தகட்டில் தேசிக்காய்ப் புளி ஒரு சொட்டு விட்டால் பொங்கும். சுண்ணாம்புக்கல் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வன்மை + நீர் = வன்னீர். ‘மை’ விகுதி கெட்டு, ‘வன்’ நின்று நீரோடு புணர்கிறது. நன்மை + நீர் நன்னீர் ஆவதும் மென்மை + நீர் மென்னீர் ஆவதும் இதே வழியில்தான். அடிச்சொல் ‘வல்’, வலிமை, வல்லமை, வன்சொல் எல்லாம் அதன் பிள்ளைகள். தமிழ்நாட்டில் ‘கடின நீர்’ என்று எழுதுவார்கள். கடினம் வடமொழிச் சொல். அது பிழையில்லை, ஆனாலும் மென்னீருக்குச் சோடி சேர்வது வன்னீர்தான். அளக்கும் பண்புக்கு ‘வன்மை’ என்றே சொல்லலாம்.

ஊரில் எல்லாவற்றையும் ‘சவர்த் தண்ணி’ என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறார்கள். இதுதான் குழப்பம். சவர் என்பது கறியுப்பு கலந்த நீர், நாக்கிலேயே தெரியும். வன்னீர் குடிக்க நன்றாகவே இருக்கலாம். கரையோரக் கிணறு சவராக இருக்கும். உள்ளூரில் ‘நல்ல தண்ணி’ என்று பெயரெடுத்த கிணறும் வன்னீராக இருக்கும். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டை வாங்கி மென்மையான அமிலமாகி, கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது.

வன்மையை ஜெர்மன் பாகையில் அளப்பது மீன் வளர்ப்போர் வழக்கம். ஒரு பாகை என்றால் லீற்றருக்கு 17.8 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமம். 180 மில்லிகிராமுக்கு மேல், அதாவது சுமார் 10 பாகைக்கு மேல் போனால் மிகுந்த வன்னீர் என்பார்கள். சோதனைப் பெட்டியில் இரண்டு குப்பிகள் இருக்கும். ஜீ.எச். மொத்த வன்மையைக் காட்டும். கே.எச். காபனேற்று வன்மை, அந்த ‘கே’ ஜெர்மன் மொழியின் ‘கார்பொனாட்’டிலிருந்து வந்தது. 5 மில்லிலீற்றர் தண்ணீரில் மருந்தைத் துளித்துளியாக விட்டுக் குலுக்க வேண்டும். கே.எச். சோதனையில் நீலம் சட்டென்று மஞ்சளாகும் துளி எத்தனையாவதோ, அத்தனை பாகை.

குஞ்சு வளர்ப்பவருக்கு கே.எச். தான் முக்கியம். பீ.எச்., அதாவது நீரின் அமில-கார அளவு, ஆடாமல் பிடித்து வைத்திருப்பது அதுவே. கப்பி, மொலி, பிளாட்டி, வாள்வால் போன்ற குட்டி போடும் மீன்களுக்கு வன்னீர் பிடிக்கும். தண்ணீரின் தன்மையை மாற்ற ஒரு சதமும் செலவழிக்கத் தேவையில்லை. நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று கிணற்றில் விட்ட கப்பி அங்கேயே பெருகுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அப்படியென்றால் தொட்டியில் குஞ்சு ஏன் சாகிறது? பெரும்பாலும் அமோனியாவால். மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாகும். அதில் நஞ்சான பங்கு பீ.எச். ஏற ஏறக் கூடும்: 25 பாகை செல்சியஸில் பீ.எச். 7 என்றால் அது நூற்றுக்கு 1 கூட வராது, 8 என்றால் சுமார் 5. வன்னீரில் பீ.எச். பெரும்பாலும் 7க்கு மேலேதான் நிற்கும். அதனால் அதே அளவு அழுக்கு இங்கே கூடுதலாகக் கொல்லும். குஞ்சுக்குத் தீனியாக அவித்த முட்டை மஞ்சள் கருவை ஊசிமுனையளவு கரைத்து விட்டால் போதும். பாசத்தில் அள்ளிப் போடுபவர்களின் தொட்டியில்தான் அடுத்த நாள் காலை குஞ்சுகள் மிதக்கின்றன. பஞ்சு வடிகட்டி ஒன்றைப் பல வாரம் முன்னரே ஓடவிட்டு, அமோனியாவை நைத்திரேற்றாக்கும் பக்றீரியாவை அதில் பிடிக்க விட வேண்டும். அதைக் குழாயடியில் தேய்த்துக் கழுவக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் சரி. தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்தில் ஒரு பங்கு மாற்றலாம். கிணற்றுத் தண்ணீரை முதல் நாள் இரவே வாளியில் காற்றோட்டத்துடன் வைத்தால், கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வெளியேறி பீ.எச். நிலைக்கு வந்துவிடும். தோட்டக் காணிக் கிணறு என்றால் உரத்தின் நைத்திரேற்று அதிலேயே இருக்கக்கூடும். ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பீ.எச். ஐக் குறைக்கத் தேசிக்காய் பிழிந்து விடச் சொல்பவர்களை நம்பாதீர்கள். கே.எச். கூடிய தண்ணீரில் பீ.எச். இறங்கி, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பெரிய மீன் தாங்கினாலும் குஞ்சு தாங்காது.

நியோன் டெட்ரா மீனைக் குஞ்சு பொரிக்க வைக்க ஆசைப்படுபவருக்குத்தான் மென்னீர் வேண்டும். அதன் முட்டைகள் வன்னீரில் பொரிப்பது அரிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டுப் பிந்தியதைப் பிடித்து வையுங்கள். கிணற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் வன்மையும் ஏறக்குறைய பாதியாகும். இன்னும் இறக்க வேண்டுமென்றால் மழைநீரைக் கூட்டலாம், ஆனால் முழுவதும் மழைநீராகவே விடக் கூடாது. தாங்கிப் பிடிக்க கே.எச். இல்லாமல் பீ.எச். திடீரென்று சரியும்.