வாட்ச் எடுத்த இசிஜியைக் கொண்டுவாருங்கள்

இதய நோயாளிகளைப் பார்க்கும் எந்த டாக்டருக்கும் இப்போது பழகிப்போன விஷயம் இது. உள்ளே வருகிறவர் நாற்காலியில் உட்காரும் முன்பே, கையில் கட்டிய ஸ்மார்ட்வாட்ச் அனுப்பிய அறிவிப்போடு மொபைலை நீட்டுவார், "டாக்டர், வாட்ச் இப்படிச் சொல்லுது" என்பார். திரையில், உங்கள் இதயத்துடிப்பு ஒழுங்கற்று இருக்கலாம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்னால் பெரிதாக எதையும் முடிவு செய்ய முடியாது. அறிவிப்பு வந்தவுடன் அதே வாட்சில் இசிஜி, அதாவது இதயத்தின் மின்னோட்டப் பதிவு, எடுத்தீர்களா என்று கேட்டால், பயத்தில் அது தோன்றவே இல்லை என்பார்கள். எனக்கு வேண்டியது அந்த இசிஜிதான்.

வாட்சில் இரண்டு வேறு வேறு கருவிகள் இருக்கின்றன. பின்பக்கம் மினுக்கும் பச்சை விளக்கு, மணிக்கட்டின் ரத்தக்குழாய்களில் ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதைக் கவனிக்கிறது. இதயத்தின் மின்னோட்டம் அதற்குத் தெரியாது, துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் தெரியும். அந்த இடைவெளிகள் தாறுமாறாக, அதுவும் திரும்பத் திரும்ப இருந்தால் அறிவிப்பு வரும். இன்னொன்று இசிஜி. வாட்ச் கட்டிய கை ஒரு முனை, பொத்தானைத் தொடும் மறு கை விரல் இன்னொரு முனை, 30 வினாடி பதிவு. மருத்துவமனையில் 12 கோணங்களில் பார்க்கிறோம், இது ஒரே கோணம்தான். ஆனாலும் நிஜமான இசிஜி. எல்லா வாட்சிலும் இது கிடையாது.

இவை முக்கியமாகத் தேடுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஃபிப். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். அங்கே ரத்தம் தேங்கிக் கட்டி உருவாகி, அது மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். ஏஃபிப் இருப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 5 மடங்கு. சிலருக்குப் படபடப்பு, மூச்சிரைப்பு, அசதி என்று ஏதாவது தெரியும், நிறையப் பேருக்கு ஒன்றுமே தெரியாது. அதுவும் வந்து வந்து போகிற வகை என்றால் பெரிய தொல்லை. எங்களிடம் வருகிற நேரத்தில் இசிஜி நார்மலாக இருக்கும், 24 மணி நேரமும் இசிஜி பதியும் ஹோல்டர் கருவியை மாட்டினாலும் அன்றைக்குப் பார்த்து இதயம் சமர்த்தாக நடந்துகொள்ளும். மாதக்கணக்கில் கையிலேயே கிடக்கும் ஒரு கருவிக்கு இங்கேதான் வேலை.

அறிவிப்பை எவ்வளவு நம்பலாம்? ஆப்பிள் வாட்சை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2019இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. 4,19,297 பேரில் அறிவிப்பு வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான், 65 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 3 சதவீதம். அறிவிப்புக்குப் பிறகு மார்பில் இசிஜி பேட்ச் ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏஃபிப் பதிவானது. அப்படியானால் மூன்றில் இரண்டு பொய்யா என்று கேட்காதீர்கள், பேட்ச் ஒட்டியது சில நாட்கள் கழித்து, அதற்குள் துடிப்பு சரியாகிப் போயிருக்கலாம். பேட்ச் ஒட்டியிருக்கும்போதே வந்த அறிவிப்புகளில் 84 சதவீதம் ஏஃபிப்தான். ஆக, அலட்சியப்படுத்தவும் கூடாது, அதையே நோய் என்று முடிவுகட்டவும் கூடாது.

பச்சை விளக்கு ஏமாறும் விதத்துக்கு ஒரு உதாரணம். வாட்ச் 38, 40 என்று காட்டுகிறது, பேஸ்மேக்கர் வைக்கணுமா என்று கலங்கிப்போய் வருவார்கள். மணிக்கட்டைப் பிடித்து எண்ணினால் எனக்கும் 38தான் வரும். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் 76 கேட்கும். ஒவ்வொரு இயல்பான துடிப்புக்கும் பின்னால் முந்திக்கொண்டு ஒரு கூடுதல் துடிப்பு, இதயம் நிரம்பும் முன்பே அது அடித்துவிடுவதால் கைவரை வந்து சேர அதற்கு வலு இல்லை, வாட்ச் பாதியைத்தான் எண்ணுகிறது. "ஒரு துடிப்பு விட்டுப்போகுது" என்று பலர் சொல்வதும் பெரும்பாலும் இந்த ரகம்தான். இதயம் மற்றபடி நன்றாக இருந்தால் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. இசிஜி பதிவு இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

அதனால் படபடப்பு வந்தாலோ அறிவிப்பு வந்தாலோ உட்காருங்கள், இரண்டு முன்னங்கைகளையும் மேசைமேல் தளர்வாக வையுங்கள், பட்டை தளர்ந்திருந்தால் இறுக்குங்கள், பேசாமல் 30 வினாடி எடுங்கள். கை ஆடினால் கோடு முழுக்க நடுக்கமாக வரும், யாராலும் படிக்க முடியாது. என்ன உணர்ந்தீர்கள் என்று ஒரு வரி குறித்து, பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். நான் அதில் பார்ப்பது, உயரமான கூர்முனைகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரே சீராக இருக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் முன்னால் மேலறையின் சின்ன மேடு இருக்கிறதா என்பது. வாட்ச் "முடிவு தெரியவில்லை" என்று கைவிட்ட பதிவையும் அழித்துவிடாதீர்கள், துடிப்பு ரொம்ப வேகமாக இருந்தாலும் அது அப்படித்தான் சொல்லும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மாரடைப்பை வாட்ச் கண்டுபிடிக்காது. நெஞ்சுவலி, மயக்கம், கடுமையான மூச்சுத்திணறல், திடீரென்று வாய் கோணுதல், கை கால் மரத்துப்போதல், இவற்றில் எது வந்தாலும் வாட்ச் நார்மல் என்று காட்டினாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் மாத்திரை. ஏஃபிப் என்றதும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தானாகவே ஆரம்பிக்கிறவர்களும் உண்டு, வாட்ச் பல வாரமாகச் சும்மா இருக்கிறது என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து. 2021இல் லான்செட்டில் வந்த லூப் ஆய்வில், 70 முதல் 90 வயது வரையுள்ளவர்களில் ஒரு பிரிவினருக்குத் தோலுக்கடியில் கருவி பொருத்தி இடைவிடாமல் கவனித்தார்கள். அவர்களிடம் ஏஃபிப் சுமார் 3 மடங்கு அதிகமாகக் கண்டறியப்பட்டு மாத்திரைகளும் கூடின, ஆனால் பக்கவாதம் குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறையவில்லை. சில நிமிடம் தலைகாட்டிவிட்டுப் போகும் ஏஃபிப்பும் நாள்முழுக்க நீடிக்கும் ஏஃபிப்பும் ஒன்றல்ல. வயது, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான், ரத்தக்கசிவு அபாயத்தையும் எடைபோட்டு, மாத்திரை தேவையா என்று முடிவு செய்வோம்.

இளவயதில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நாளெல்லாம் இசிஜி எடுத்துக்கொண்டே இருப்பவர்களிடம் வாட்சைக் கொஞ்ச நாள் கழற்றி வைக்கச் சொல்வேன், படபடப்பு பாதி குறையும். வயதான அம்மா அப்பாவுக்கு வாங்குவதாக இருந்தால், இசிஜி வசதிக்கு உங்கள் நாட்டில் அனுமதி இருக்கிறதா, பதிவை பிடிஎஃப்பாக அனுப்ப முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் முதலில் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள், வாட்சையும் அதன் காந்தச் சார்ஜரையும் மார்பிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளியே வையுங்கள். வாங்கிக் கொடுத்த கையோடு, அவர்கள் நன்றாக இருக்கும்போதே ஒரு இசிஜி எடுக்கப் பழக்கி அதைச் சேமித்துவிடுங்கள். பின்னால் ஏதாவது வந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட எங்களுக்கு அது உதவும்.