ஹைப்பர்நெஃப்ரோமா: இடம் மாறிய ஒரு பெயர்

பழைய மருத்துவக் கோப்புகளைப் புரட்டியவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம்: 'வலது சிறுநீரகத்தில் ஹைப்பர்நெஃப்ரோமா'. இன்றைய அறிக்கையில் அதே நோய் 'ரீனல் செல் கார்சினோமா' என்ற பெயரில் வரும், சிறுநீரகப் புற்றில் ஒரு வகை. நோய் மாறவில்லை. பெயர் தப்பு என்று தெரிந்ததும் மருத்துவர்கள் அதைக் கைவிட்டார்கள்.

கிரேக்கத்தில் 'ஹைப்பர்' என்றால் மேலே, 'நெஃப்ரோஸ்' என்றால் சிறுநீரகம். 'ஓமா' கட்டியைக் குறிக்கும் விகுதி. சேர்த்துப் படித்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருப்பதிலிருந்து வந்த கட்டி என்று பொருள். மேலே இருப்பது, தொப்பி கவிழ்த்த மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி. அண்ணீரகம் என்றும் எழுதுகிறார்கள். சிறுநீரகத்துக்குள் வளரும் கட்டிக்கு இந்தச் சுரப்பியை வைத்து ஏன் பெயர் வந்தது?

நிறம்தான் காரணம். அறுவையில் எடுத்த சிறுநீரகத்தைப் பிளந்து பார்த்தால், செம்பழுப்புச் சதைக்கு நடுவே கட்டி மட்டும் முட்டையின் மஞ்சள்கரு போலத் தெரியும். அங்கங்கே ரத்தம் கசிந்த கறை இருக்கும். அட்ரீனலின் புறப்பகுதியும் இதே மஞ்சள். கருவிலேயே அட்ரீனல் துணுக்குகள் சிறுநீரகத்துக்குள் சிக்கிக்கொண்டு, பின்னாளில் கட்டியாகின்றன என்று 1883இல் ஜெர்மானிய நோயியல் அறிஞர் பவுல் கிராவிட்ஸ் எழுதினார். கொழுப்புக் கட்டி என்று சொல்லிவந்ததை மறுத்து அவர் யோசித்தது பெரிய விஷயம். ஆனால் முடிவு பிசகிவிட்டது. 'கிராவிட்ஸ் கட்டி', அப்புறம் 'ஹைப்பர்நெஃப்ரோமா' என்று பெயர்கள் நிலைத்தன. 1960இல் பிரான்சில் ஓபர்லிங் குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்தச் செல்களைப் பார்த்தபோது, அவற்றின் ஓரத்தில் தூரிகை மயிர் போன்ற நுண்ணிழைகள் இருந்தன. சிறுநீரக நுண்குழாயின் தொடக்கப் பகுதியில் உள்ள செல்களின் அமைப்பு அது. கட்டி பிறந்த இடம் சிறுநீரகமேதான். மஞ்சள் நிறம், செல்லுக்குள் சேர்ந்த கொழுப்பால் வந்தது. ஸ்லைடு தயாரிக்கும்போது அந்தக் கொழுப்பு கரைந்துபோய்ச் செல் வெறுமையாகத் தெரிவதால் 'தெளிசெல் வகை' என்கிறோம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மேற்சிறுநீரகக் கட்டி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 1883இன் தவறைத் தமிழிலும் நட்டுவைத்ததாகும். 'சிறுநீரக உயிரணுப் புற்று' என்பதே பொருத்தம். பேச்சில் சிறுநீரகத்துக்குக் குண்டிக்காய் என்ற சொல் உண்டு. பழைய தமிழ் விவிலியத்திலும் அதுதான் இருக்கிறது. நல்ல சொல். மருத்துவ எழுத்தில் இன்று புழங்காததால் வற்புறுத்த மாட்டேன்.

வற்புறுத்துவது வேறொன்றை. கட்டியும் புற்றும் ஒன்றல்ல. "கட்டின்னு போட்டிருக்காங்களே, அப்போ கேன்சரா அண்ணே?" என்று அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறவருக்கு இந்த வேறுபாடு உயிர் போகிற விஷயம். கொழுப்பும் தசையும் ரத்தக்குழாயும் கலந்த ஆஞ்சியோமயோலிப்போமா பெரும்பாலும் தீங்கற்ற கட்டி. ஆன்கோசைட்டோமா என்ற இன்னொரு சிறுநீரகக் கட்டியும் புற்று அல்ல. ஆனால் ஸ்கேனில் புற்றிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். புற்று என்ற சொல்லை, கரையான் புற்றைப் போல உள்ளே பரவக்கூடியதற்கே வைத்துக்கொள்ள வேண்டும். சிறுநீரக உயிரணுப் புற்றில் தெளிசெல் வகைதான் மிக அதிகம், ஏறக்குறைய நான்கில் மூன்று. அடுத்து பாப்பிலரி, அப்புறம் குரோமோஃபோப். குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் கட்டி தனிக் கதை.

சிறுநீரில் ரத்தம், விலாவில் வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி என்ற மூன்றும் ஒருசேரக் காண்பது இன்று அரிது. வேறு எதற்கோ வயிற்று ஸ்கேன் எடுக்கும்போதே பல கட்டிகள் தெரியவருகின்றன. அடுத்து மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன். சிறுநீரகத்தைத் தாண்டாமல் 4 செ.மீ. வரை இருந்தால் டி1ஏ, அதாவது தொடக்க நிலை. பல நேரம் கட்டியை மட்டும் வெட்டி, சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடலாம்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களிடம், 'சிறுநீரகம்' என்றால் எது என்ற சொல் குழப்பம் ஆபத்தாகவே முடியலாம். மாற்று அறுவையில் செயலிழந்த இரண்டையும் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றின் ஓரத்தில் பொருத்துகிறார்கள். பழையவை சுருங்கி முதுகுப்பக்கம் கிடக்கும். நெடுநாள் டயாலிசிஸில் அவற்றில் நீர்க்கட்டிகள் உண்டாகியிருக்கும். மாற்றுக்குப் பின் வரும் சிறுநீரகப் புற்றுகளில் பெரும்பாலானவை இந்தப் பழைய சிறுநீரகங்களில்தான் தோன்றுகின்றன, புதியதில் வருவது குறைவு. பாப்பிலரி வகையின் பங்கும் மற்றவர்களைவிட இவர்களிடம் கூடுதல். உடல் புதிய உறுப்பை ஒதுக்காமலிருக்கத் தரும் மருந்துகள் நோய் எதிர்ப்பைத் தணிப்பது பொதுவாகவே புற்று அபாயத்தைக் கூட்டுகிறது.

'நேட்டிவ் கிட்னி' என்று மருத்துவர்கள் சொல்வதற்குச் 'சொந்தச் சிறுநீரகம்' என்று எழுதலாம். 'பிறவிச் சிறுநீரகம்' வேண்டாம், பிறவிக் குறை என்று படிக்கத் தோன்றும். ஸ்கேன் சீட்டில் வெறுமனே 'சிறுநீரகம்' என்று இருந்தால் அடிவயிற்றில் உள்ளதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துகொள்ளச் சொல்லிவிடலாம். 'மாற்றுச் சிறுநீரகம், சொந்தச் சிறுநீரகங்கள் இரண்டும்' என்று எழுதியிருந்தால் முதுகுப்பக்கமும் கருவி போகும்.