கன்னத்தில் அடக்கிய புகையிலை ரத்தத்தில் என்ன செய்கிறது?

பல வருடங்களாகப் புகைப்பவருக்கு, சிவப்பணுக்களுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாக இருந்தால் மருத்துவர்கள் ஆச்சரியப்படுவதில்லை. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து தூண்ட, எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூட்டிவிடுகிறது. புகையிலையை மெல்பவர் எதையும் எரிப்பதில்லை. அதனால் இந்த வம்பு அவருக்கில்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். வெள்ளணுக்கள்கூட, புகைப்பவரிடம் உயர்வது போல இவரிடம் எல்லா ஆய்வுகளிலும் உயர்வதில்லை.

சரி, அப்படியென்றால் ரத்தத்துக்குள் எதுவுமே போகவில்லையா? போகிறது, அதுவும் தாராளமாக. ஒரு சிகரெட் மூலம் உடலில் சேரும் நிகோட்டின் ஏறத்தாழ 1 மில்லிகிராம். ஒருமுறை மெல்லும் புகையிலையில் இதைப்போல மூன்று, நான்கு மடங்கு சேரலாம். இதற்கு வழிவிடுவது காரத்தன்மை. அமிலச் சூழலில் நிகோட்டின் மின்னூட்டம் பெற்றுவிடுவதால் கன்னத்தின் சவ்வைத் தாண்டத் தடுமாறும். சுண்ணாம்பு மாதிரி ஒரு காரப்பொருள் சேர்ந்தால் மின்னூட்டம் போய்விடும், சவ்வு சுலபமாக விட்டுவிடும். விழுங்கியதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. கன்னம் வழியாகப் போவதோ கல்லீரலைத் தொடாமல் கழுத்துச் சிரை வழியாக நேரே இதயத்துக்குப் போய்விடுகிறது. புகைக்கும்போது நிகோட்டின் சட்டென ஏறி இறங்கும். மெல்லும்போது மெதுவாக ஏறி, வாயிலிருந்து துப்பிய பிறகும் வெகுநேரம் நிற்கும்.

அந்த நேரம் முழுக்க நிகோட்டின் தூண்டுவதால், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிக்கு ஓய்வில்லை. அட்ரினலின் கூட, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தத் தட்டணுக்களுக்கும் அட்ரினலின் ஒரு தூண்டுகோல்தான்: ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்பு அவற்றுக்குக் கூடுகிறது. சில மெல்லும் புகையிலைகளில் இனிப்புக்காக அதிமதுரம் சேர்ப்பார்கள். அந்தச் சாற்றை விழுங்கிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிவிடும். இதை எதிர்பார்த்து யாரும் மெல்வதில்லை.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது சிவப்பணுவில் நடப்பதுதான். புகையிலையைப் பதப்படுத்தும்போதே என்என்என், என்என்கே என்ற நைட்ரோசமைன் வகை வேதிப்பொருள்கள் உருவாகிவிடுகின்றன. இரண்டுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிசெய்யப்பட்டவை. உடலுக்குள் இவை உடையும்போது வரும் துண்டுகள் செல்களின் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கின்றன, சில ஹீமோகுளோபினிலும் ஒட்டுகின்றன. டிஎன்ஏவில் ஒட்டியதைச் செல் ஓரளவு சரிசெய்துகொள்ளும். ஹீமோகுளோபினுக்கு அப்படிப் பழுதுபார்க்க ஆளில்லை.

ஒருவர் இன்று நிறுத்தினால் நிகோட்டின் ஒரு நாளுக்குள் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய போய்விடும். அது சிதைந்து உருவாகும் கோட்டினின் சில நாட்கள் இருக்கும். சிவப்பணுவின் ஆயுளோ சுமார் 120 நாள். துண்டு ஒட்டிய கடைசி அணு மண்ணீரலில் உடைபட நான்கு மாதம் ஆகும்.