உயிர்வினையூக்கி

கானாடுகாத்தான் வீட்டில் பனிக்காலத்தில் மாவு ஆட்டினால் அப்பத்தா சும்மா மூடி வைக்காது. "பழைய மாவுல ஒரு கரண்டி விடுடா, இல்லேன்னா விடிஞ்சாலும் பொங்காது" என்று இரண்டாங்கட்டிலிருந்து சத்தம் போடும். 'பயோகேட்டலிஸ்ட்' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரண்டிதான் நினைவுக்கு வரும்.

பாடநூல் தரும் தமிழ், உயிர்வினையூக்கி. தான் செலவாகாமல் வேதிவினையை விரைவாக நடத்திக் கொடுப்பது வினையூக்கி; அது உயிரிலிருந்து வந்தால் உயிர்வினையூக்கி. இங்கே வினை என்றால் வேதிவினை; முன்வினையும் இல்லை, செய்வினையும் இல்லை. முன்பு 'கிரியா ஊக்கி' என்று எழுதினார்கள். இலங்கைத் தமிழில் வெறும் 'ஊக்கி'. காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அந்தப் பக்கம் பேச்சில் 'கேட்டலிஸ்ட்'தான் காதில் விழும்.

'கேட்டலிசிஸ்' (வினையூக்கம்) என்ற மூலச்சொல்லை 1835-இல் ஆக்கியவர் சுவீடன் நாட்டு வேதியியலர் பெர்சீலியஸ். அதன் கிரேக்க வேருக்கு அவிழ்த்தல், தளர்த்தல் என்று பொருள். நம் சொல் பின்னாலிருந்து தள்ளுகிறது. அவர்கள் சொல் முடிச்சை அவிழ்க்கிறது. இதில் நான் கிரேக்கர் கட்சி. செட்டிநாட்டு வீடுகள் தரையிலிருந்து உயர்த்திக் கட்டியவை, ஏறுவதற்குள் முழங்கால் கெஞ்சும். வேதிவினைக்கும் அப்படி ஓர் ஏற்றம் உண்டு. வினையூக்கி யாரையும் தள்ளி ஏற்றுவதில்லை, பக்கத்தில் தாழ்வான படி ஒன்றைப் போட்டுக் கொடுக்கிறது. வீட்டின் உயரம் மாறாது. நூறு பேர் ஏறிப் போனாலும் படி செலவாகாது.

உயிர்களுக்குள் இந்த வேலையைப் பார்ப்பது 'என்சைம்'; அந்தப் பெயரை 1870-களில் வைத்தவர் ஜெர்மானியர் கூனே. கிரேக்கத்தில் 'புளிமாவுக்குள் இருப்பது' என்று அர்த்தம். தமிழில் நொதித்தலிலிருந்து நொதி, ஈழத்தில் நொதியம். இரண்டு மொழியும் ஒரே மாவுச்சட்டியை எட்டிப் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன! கலைச்சொல் இப்படி அமைவது அபூர்வம்.

ஆனால் அப்பத்தாவின் கரண்டி மாவைக் கறாராக வினையூக்கி என்று சொல்ல முடியாது. அதிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று பெருகுகின்றன. அவற்றுக்குள் வேலை பார்க்கும் நொதிதான் வினையூக்கி. ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த, உயிரணு இல்லாத சாறும் சர்க்கரையை நொதிக்க வைக்கும் என்று 1897-இல் ஜெர்மானிய வேதியியலர் பூக்னர் காட்டிய பிறகுதான் இந்த வேறுபாடு தெளிவானது. தொழிற்சாலையில் முழு உயிரணுவையும் பயன்படுத்துவார்கள், பிரித்தெடுத்த நொதியையும் பயன்படுத்துவார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல உயிர்வினையூக்கி. பிரித்தெடுத்ததை மட்டும் சொல்ல நொதி போதும்.

இது மாவோடு முடிகிற சங்கதி இல்லை. அப்பத்தா விழுங்கும் சர்க்கரை மாத்திரையில் சிட்டாகிளிப்டின் இருக்கிறது. அந்த மருந்தைச் செய்ய முன்பு உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனும், விலை உயர்ந்த ரோடியம் உலோக வினையூக்கியும் வேண்டியிருந்தன. மெர்க், கோடெக்சிஸ் நிறுவனத்தார் டிரான்ஸ்அமினேஸ் என்ற நொதியைப் படிப்படியாகத் திருத்தி அந்த உலோகம் பார்த்த வேலைக்குப் பழக்கினார்கள். தொடக்கத்தில் அந்த நொதி இந்த மூலப்பொருளைச் சீண்டவே இல்லை. 2010-இல் வெளியான கணக்குப்படி விளைச்சல் 10 முதல் 13 விழுக்காடு கூடியது, மொத்தக் கழிவு 19 விழுக்காடு குறைந்தது. ரோடியமும் தேவைப்படவில்லை.

இந்தத் துறையில் சிக்கனத்தை அளக்க 1992-இல் வேதியியலர் ஷெல்டன் ஒரு கணக்கு சொன்னார்: ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை கிலோ கழிவு? மருந்துத் தொழிலில் அது 25-இலிருந்து 100-ஐயும் தாண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. ஐந்தொகை எழுதிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இப்படிச் சரக்கைச் செய்து முடிக்கும் வழி முழுவதையும் குறிக்கும் 'பிராசஸ்' என்பதற்குச் 'செயல்முறை' என்கிறோம். தப்பில்லை, ஆனால் உப்புச்சப்பில்லை. எத்தனை சூடு, எவ்வளவு நேரம், எதற்குப் பின் எது, எப்போது நிறுத்துவது எல்லாவற்றையும் எங்கள் அடுப்படியில் ஒரே சொல்லில் சொல்வார்கள்: பக்குவம். தொழிற்சாலையில் வேதிவினை நடக்கும் உலைக்கலனுக்கும் அதுவே பொருந்தும். ஆய்வுக்கட்டுரையில் ஒருமுறை எழுதிப் பார்த்தேன்; திருத்தியவர் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.