டார்ச் வெளிச்சத்தில் தெரியும் சிலந்தி வலை

இருட்டியபிறகு, கழுவித் துடைத்த காரின் பானெட் மேல் ஒரு டார்ச்சை அடித்துப் பாருங்கள். பகலில் பளிச்சென்று தெரிந்த பெயிண்டில், வெளிச்சப் புள்ளியைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் சிலந்தி வலை போலத் தெரியும். முதல்முறை பார்த்தபோது யாரோ துணியை வட்டமாகத் தேய்த்துக் கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். யாரோ என்ன, துடைத்தது நான்தான். ஆனால் வட்டமாகத் தேய்த்ததாக எனக்கு நினைவில்லை. டார்ச்சை நகர்த்தினேன். வலையும் கூடவே நகர்ந்தது. பெயிண்டில் விழுந்த கீறல் எப்படி நகரும்?

கீறல்கள் நகரவில்லை. அவை எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய பள்ளம். அதன் சுவர்கள் ஒளியைப் பள்ளத்துக்குக் குறுக்காகவே சிதறடிக்கும், நீளவாக்கில் அல்ல. ஆகவே வெளிச்சப் புள்ளியிலிருந்து கிளம்பும் கோடுகளுக்குக் குறுக்கே கிடக்கும் கீறல்கள் மட்டும் நம் கண்ணுக்கு மின்னுகின்றன. மற்றவை அங்கேயே இருந்தும் தெரிவதில்லை. ஒரு புள்ளியைச் சுற்றி, அப்படிக் குறுக்கே கிடக்கும் சின்னச் சின்னக் கோடுகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் கிடைப்பது வட்டம்தானே. நாள்பட்ட எவர்சில்வர் தட்டை வெயிலில் பிடித்தாலும் இதே வட்டங்கள் தெரியும். “வட்டமாகத் துடைக்காதே, நேராகத் துடை” என்ற அறிவுரையின் மதிப்பு இவ்வளவுதான்: நேர்க்கோட்டுக் கீறல்கள் சில கோணங்களில் மட்டும் தெரியும், அதனால் கொஞ்சம் மறையும். கீறல் என்னவோ கீறல்தான்.

பளபளப்பு என்பது என்ன என்று புரிந்துகொண்டால் மிச்ச வேலையெல்லாம் எளிதாகிவிடும். காரின் மேல்பூச்சு ஏறக்குறைய கண்ணாடியைப் போன்றது. அதன் மேல் செங்குத்தாக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும். மிச்சம் உள்ளே போய் நிறமியைத் தொட்டு, நிறமாக வெளியே வரும். அந்த 4 சதவீதம் ஒழுங்காகத் திரும்பினால் பானெட்டில் வானமும் மரமும் தெரியும். கீறல்களில் பட்டுச் சிதறினால் அதுவே ஒரு வெண்மூட்டமாக நிறத்தின் மேல் படிந்துவிடும். கறுப்புக் கார் சாம்பல் பூத்தாற்போலத் தெரிவதும், வெள்ளைக் காரில் அதே அளவு கீறல் இருந்தும் யாருக்கும் தெரியாமல் போவதும் இதனால்தான். வெள்ளைக்குள்ளிருந்து வரும் ஒளி வெள்ளத்தில் இந்தச் சிதறல் கரைந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு பரப்பின் மேடுபள்ளங்கள் அதைவிட நன்றாகச் சிறியவையாக இருந்தால் ஒளிக்கு அது வழுவழுப்பான சமதளம். ஆக, பளபளப்பு என்பது டப்பாவிலிருந்து எடுத்துப் பூசுகிற பொருள் இல்லை. பரப்பைச் சமன் செய்தால் அது தானாக வரும். சமன் செய்வது என்றால் எதையாவது சுரண்டி எடுப்பது. எவ்வளவு எடுக்கலாம்?

இங்கேதான் கொஞ்சம் பயம் வரவேண்டும். இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்க மின்சாரத்தின் உதவியால் படியவைத்த ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது. அதையும் முழுக்கச் செலவழிக்க முடியாது. வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் வேதிப்பொருள்கள் அதற்குள்தான் கலந்திருக்கின்றன. மிகவும் மெலிந்துபோன கிளியர் கோட் சில வருட வெயிலில் வெளுத்துச் செதில் செதிலாக உரியத் தொடங்கும். அதற்கு மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது.

வயதானவர்கள் சிலர் “மாதம் ஒரு தடவை பாலிஷ் போடு” என்பார்கள். அவர்கள் காலத்துப் பெயிண்டுக்கு அது சரிதான். 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்களில் டூபாண்ட் நிறுவனத்தின் ‘டூகோ’ லாக்கர் வந்தபோது, உலர வாரக்கணக்கில் ஆன பழைய வார்னிஷுக்கு விடிவு பிறந்தது. ஆனால் லாக்கரிலும் அதற்குப் பின் வந்த எனாமலிலும் நிறமே மேற்பரப்பு. வெயிலில் அது சுண்ணாம்பு போலப் பூக்கும். தேய்த்து எடுத்தால் கீழே புது நிறம். தேய்க்கும் துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொள்ளும். கிளியர் கோட் பரவலாக வந்தது 1980களில். இப்போதைய காரைத் தேய்க்கும்போது துணியில் நிறம் வந்தால் ஒன்று அது கிளியர் கோட் இல்லாத பெயிண்ட், இல்லையென்றால் நீங்கள் போகக்கூடாத ஆழத்துக்குப் போய்விட்டீர்கள்.

சரி, கீறல்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் கழுவும்போதுதான். தூசியில் இருக்கும் மணலின் முக்கியப் பகுதி குவார்ட்ஸ். 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7. சாதாரண எஃகைவிடக் கடினம், பாலிமர் பூச்சுக்கு முன்னால் ராட்சதன். உலர்ந்த தூசி மேல் துணியை ஓட்டுவது உப்புத்தாளை ஓட்டுவதற்குச் சமம். காலையில் சும்மா ஒரு தட்டு தட்டித் துடைப்பதுதான் காருக்கு நாம் செய்கிற அதிகபட்சத் தீங்கு என்று நான் நினைக்கிறேன். அழுக்காகவே விட்டுவிடலாம், அது மேல்.

கை வைப்பதற்கு முன் தண்ணீர் பீய்ச்சி, போகிற மண்ணையெல்லாம் போக்கிவிட வேண்டும். அப்புறம் ஷாம்பு. அதன் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடும் மறுமுனை எண்ணெயோடும் சேரும் என்பது பள்ளிப்பாடம். காருக்கு அதைவிட முக்கியம் அதன் வழுக்கல்: துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே சிக்கிய மணல் அழுத்தி உழாமல் சறுக்கிப் போகவேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெயை நன்றாக எடுக்கும், கூடவே பாதுகாப்புக்காகப் பெயிண்ட் மேல் பூசியிருந்த பழைய வாக்ஸையும் எடுத்துவிடும். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். காரைத் தொட்ட துணி முதலில் வெறும் தண்ணீரில் மண்ணைக் கக்கிவிட்டுத்தான் ஷாம்புக்குள் போகவேண்டும். ஒற்றை வாளியில் கழுவினால், கூரையில் எடுத்த மணலையே கதவுக்குக் கொண்டுபோய்ப் பூசுகிறோம். கூரையிலிருந்து கீழே இறங்குங்கள். சக்கரத்தை ஒட்டிய கீழ்ப்பகுதியில்தான் மண் அதிகம், அதைக் கடைசியில் தொட்டால் போதும்.

துணி மைக்ரோஃபைபராக இருக்கட்டும். அதன் இழைகள் பத்து மைக்ரானுக்கும் மெல்லியவை. துகள்கள் இழைகளின் இடுக்குக்குள் ஏறிக்கொள்ளும், பெயிண்ட் மேல் இழுபடுவது குறையும். நிழலில் கழுவுவதும் சம்பிரதாயம் அல்ல. சூடான தகட்டில் தண்ணீர் நொடியில் ஆவியாகும், அதில் கரைந்திருந்த கால்சியம் உப்புகள் வெள்ளை வளையமாகத் தங்கிவிடும்.

கழுவி உலர்த்திய பெயிண்டை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழுவழுப்பாக இருந்த இடம் சொரசொரக்கும். தோலின் உராய்வைப் பை குறைத்துவிடுவதால் சின்ன மேடுகள் விரலுக்கு எட்டுகின்றன. அந்த மேடுகளில் பல, பிரேக் பிடிக்கும்போது தெறித்து வந்து பதிந்த இரும்புத் துகள்கள். இவற்றுக்கென்று விற்கும் திரவத்தைத் தெளித்தால் சற்று நேரத்தில் ஊதா நிறம் வழியும். அதில் இருப்பது பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைகோலேட். இரும்போடு சேர்ந்து ஊதாவாகி, தண்ணீரில் கரைந்து போகும். முடியைச் சுருட்டும் அழகு நிலைய வேலையிலும் இதே பொருள்தான், அந்தக் கந்தக நாற்றமும் அதேதான். மூக்கைப் பொத்திக்கொண்டு செய்யுங்கள், கையுறையோடு.

மிச்சமிருக்கும் மரப்பிசின், தார்த் துளிகள், பெயிண்ட் தூறல் ஆகியவற்றைக் களிமண் கட்டி எடுக்கும். அது உண்மையில் மண் அல்ல, நுண்ணிய தேய்ப்புத் துகள் கலந்த பிசைமாவு போன்ற பொருள். வழவழப்பான திரவத்தைத் தெளித்து அதன் மேல் கட்டியை ஓட்டினால் சமதளத்தில் வழுக்கிக்கொண்டு போகும், மேடு வந்தால் முட்டி அறுத்துக்கொண்டு போகும். அடிக்கடி மடித்துப் புது முகம் காட்டவேண்டும். கீழே தரையில் விழுந்தால் குப்பைத் தொட்டிதான். கழுவினாலும் மணல் போகாது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் மெல்லிய தேய்ப்புத் தடம் விழும். அதனால்தான் இந்த வேலை பாலிஷுக்கு முன்னால்.

இப்போது பாலிஷ். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் தளத்தைக் கீறலின் அடிமட்டம் வரை இறக்குகிறது. அல்லது விளிம்புகளை மழுக்கிச் சிதறலைக் குறைக்கிறது. காம்பவுண்டில், அதாவது முதலில் தேய்க்கும் கடுமையான பாலிஷில், இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு, கடினத்தன்மை 9. அதுவும் கீறத்தான் செய்கிறது. பெரிய கீறலை அழித்து அதன் இடத்தில் சின்னக் கீறல்களை வைக்கிறது. அடுத்த நுண்ணிய பாலிஷ் அவற்றை அழித்து இன்னும் சின்னதாக வைக்கிறது. ஒளியின் அலைநீளத்துக்குக் கீழே போனதும் நம் கண் அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

முதல்முறை செய்பவர்கள் வாங்கவேண்டிய இயந்திரம் இரட்டை இயக்க பாலிஷர். பெயிண்டைத் தேய்க்கும் வட்ட மெத்தைதான் பேட்; மோட்டார் அதன் மையத்தை ஒரு சிறு வட்டத்தில் சுழற்றும். பேட் தன் அச்சில் தானாக, சுதந்திரமாகச் சுற்றும். இரண்டும் சேரும்போது எந்தத் துகளும் போன தடத்திலேயே திரும்பப் போவதில்லை. தடங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, சூடும் ஒரே இடத்தில் சேர்வதில்லை. இதைவிட நல்ல குணம், ஆத்திரத்தில் அழுத்தினால் பேடின் சுழற்சி நின்று வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். பேடின் முதுகில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுற்றுகிறதா இல்லையா என்று தெரியும். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி இயந்திரத்துக்கு இந்தக் கருணை இல்லை. அழுத்தினால் அது எரித்துவிடும்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புத் தகடு வெப்பத்தைப் பரப்பிவிடும். பிளாஸ்டிக் பம்பர் பரப்பாது, அதன் பெயிண்ட் சீக்கிரம் சூடாகி இளகும். மடிப்புகளும் விளிம்புகளும் இன்னும் ஆபத்தானவை. ஈரமாக இருக்கும்போது பெயிண்ட், பரப்பு இழுவிசையால் விளிம்பை விட்டு விலகிப் போகிறது, ஆகவே அங்கே பூச்சு மெலிவு. பேடின் மொத்த அழுத்தமும் அந்தக் கோட்டின் மேலேதான் விழுகிறது. டேப் ஒட்டி மறைத்துவிட்டு வேலை செய்தால் நிம்மதி.

எந்தக் காம்பவுண்ட், எந்த ஃபோம் பேட் என்பதற்குப் பொதுவான விடை இல்லை. கிளியர் கோட் காருக்குக் கார் மாறும். இரண்டு அடிக்கு இரண்டு அடி இடத்தில், இருப்பதிலேயே மென்மையான கூட்டணியை வைத்துத் தொடங்குங்கள். போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி ஏறலாம். நான் தலைகீழாகச் செய்தேன், கடுமையான காம்பவுண்டில் தொடங்கி. கீறல் போனது. அதன் இடத்தில் வந்த மூட்டத்தைப் போக்க இன்னும் இரண்டு சுற்று தேய்க்கவேண்டி வந்தது.

பார்த்து ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தண்ணீர் வழியும் காரில் கீறலே தெரியாது, கவனித்திருப்பீர்கள். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கும் கிளியர் கோட்டுக்கும் அதில் வித்தியாசம் அதிகம், 1க்கும் 1.5க்கும் உள்ள தூரம். தண்ணீரின் எண் 1.33. அது பள்ளத்தை நிரப்பினால் ஒளிக்குச் சுவர் தட்டுப்படுவது குறைகிறது. எண்ணெயின் எண் கிளியர் கோட்டுக்கு இன்னும் நெருக்கம். பாலிஷில் இருக்கும் எண்ணெய்கள் இதே மாயத்தைச் செய்து, போகாத கீறலைப் போனதாகக் காட்டும்; நாலு தடவை கழுவியதும் குட்டு வெளிப்படும். தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும்.

வாக்ஸ் பற்றிப் பேசுவதற்கு அவ்வளவு இல்லை. விலையையும் புகழையும் பார்த்தால் அதுதான் கதாநாயகன் போலத் தோன்றும். கார்னௌபா வாக்ஸ் பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும். அவ்வளவு கெட்டியான பொருளைப் பூசுவதற்காகக் கரைப்பானோடு கலக்கிறார்கள். பூசியபின் பூக்கும் வெண்மூட்டம் கரைப்பான் பறந்துவிட்டதன் அடையாளம், துடைக்கலாம் என்று பொருள். மிஞ்சும் படலம் ஒரு மைக்ரான்கூட இராது, அதனால் அள்ளிப் பூசுவதில் லாபமில்லை. தண்ணீர் முத்து முத்தாக நிற்பது வாக்ஸின் பரப்பாற்றல் (தண்ணீரைத் தன்மேல் இழுத்துப் பரப்பும் ஆற்றல்) குறைவு என்பதைக் காட்டும், அவ்வளவே. அந்த முத்துகள் வெயிலில் அங்கேயே உலர்ந்தால் கால்சியம் வளையத்தைத்தான் விட்டுப்போகும். சிலிக்கா அடிப்படையிலான செராமிக் பூச்சுகள் இன்னும் உறுதியானவை, ஆனால் கீறலைப் போக்காமல் மேலே போட்டால் கீறலுக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டதாகிவிடும்.

என் காரின் கதவில் ஒரு நீளக் கோடு இருக்கிறது. விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டுகிறது. நகம் தட்டும் ஆழம் என்றால் பல மைக்ரான். அதை அழிக்கவேண்டுமானால் அந்தப் பகுதி முழுவதையும் அந்த மட்டத்துக்கு இறக்கவேண்டும். விட்டுவிட்டேன். மழை பெய்யும் நாளில் மட்டும் அந்தக் கோடு காணாமல் போகிறது.